பில்லில் 114, எக்செலில் 2014: எது சரி?

கேள்வி: தைவானில், சின்ச்சு நகரத்தில் படிக்கிறேன். வாங்கும் பொருட்களின் வாரண்டி எப்போது முடியும் என்று பார்க்க எக்செலில் ஓர் அட்டவணை வைத்திருக்கிறேன். போன மாதம் பழைய பில்களை ஏற்றும்போது, மானிட்டரின் வாரண்டி அட்டையில் தேதி 114, 3, 4 என்று இருந்தது. மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் போட்டு டேட் ஃபார்முலா கொடுத்தால் 2014 மார்ச் 4 என்கிறது. பழைய சரக்கை என் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: அப்படியில்லை, கோளாறு கணக்கில்தான். 1912-ஐ முதல் ஆண்டாக வைத்து எண்ணும் வழக்கம் தைவானில் அரசுக் காகிதங்களிலும் பில்களிலும் இன்னும் இருக்கிறது. 114-உடன் 1911-ஐக் கூட்டினால் 2025. எக்செலின் டேட் ஃபார்முலாவோ, ஆண்டு என்று 1900-க்குக் குறைவான எண்ணைக் கொடுத்தால் அது பாட்டுக்கு 1900-ஐக் கூட்டிக்கொண்டு போய்விடும், பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. அந்த 11 வருட இடைவெளி அப்படி வந்ததுதான். ஆண்டுக் கட்டத்தோடு 1911-ஐக் கூட்டி ஃபார்முலாவுக்குக் கொடுங்கள், சரியாகிவிடும்.

ஆனால் எல்லா வரிசைக்கும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டிவிடாதீர்கள். கடையில் தரும் மின்னணு பில்லை (இ-இன்வாய்ஸ்) எடுத்துப் பாருங்கள்: மேலே பெரிதாக 114-ஆம் ஆண்டு, 03-04 மாதம் என்று இருக்கும், அது பில் எண்களை வைத்து அரசு நடத்தும் பரிசுக் குலுக்கலுக்கான மார்ச்-ஏப்ரல் என்ற இரண்டு மாதக் கணக்கு (பரிசு விழுந்தால் எனக்கும் சொல்லுங்கள்). கீழே வாங்கிய தேதி 2025-03-04 என்று நமக்குப் பழகிய ஆண்டிலேயே இருக்கும். வாரண்டிக்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இதற்கென்று தனி மென்பொருள் வாங்கும் எண்ணம் இருந்தால், 'சீன மொழி உண்டு' என்ற ஒரு வரியை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். சீன மொழி ஒன்றே ஆனாலும் தேதி எழுதும் வரிசை இடத்துக்கு இடம் மாறும்: விண்டோஸிலேயே சீனா, தைவான் வட்டார அமைப்புகளில் (செட்டிங்) ஆண்டு முதலில் வரும், ஹாங்காங் அமைப்பில் நாள் முதலில் வரும். சோதனைப் பதிப்பில் மார்ச் 4 போல நாளும் மாதமும் 12-க்குள் அடங்கும் தேதியைக் கொடுத்து, சேமித்து, மூடித் திறந்து, ஏப்ரல் 3 ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 25-ஆம் தேதியை வைத்துச் சோதித்தால், 25-ஆவது மாதம் கிடையாது என்று சில மென்பொருள்கள் தாமே சுதாரித்துக்கொள்ளும், கோளாறு வெளியே தெரியாது.

ஆன்லைனில் வாங்கியதை 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தர தைவானின் நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. ஆனால் உங்கள் சம்மதத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு டவுன்லோடாகத் தரும் மென்பொருளுக்கு அந்த உரிமை இல்லாமல் போகலாம், அதனால் சோதனையைப் பணம் கட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.