தினசரி மனந்திரும்புதல்: கிருஷ்ணகிரி உபதேசியாரிடம் கேளுங்கள்

லுத்தரன் சபையில் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கேட்பதற்கு முன் ஒரே வேண்டுகோள்: செய்த பாவத்தை ஊர் பேரோடு இங்கே எழுதாதீர்கள்.

கே (ஓசூர்): சிப்காட்டில் ஷிப்ட் வேலை ஐயா. இரவு ஜெபத்தை எப்போது செய்வது?

ப: தூங்கப் போகும் முன். அது காலை எட்டு மணியானாலும் சரி. சங்கீதம் 4:4 படுக்கையைச் சொல்கிறது, கடிகாரத்தைச் சொல்லவில்லை.

கே (பாலக்கோடு): தினமும் பாவத்தை அறிக்கையிட்டால் ஒரே வார்த்தைதான் வருகிறது.

ப: "தெரிந்தும் தெரியாமலும் செய்த பாவங்களை மன்னியும்" என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் அப்படித்தான் வரும். இன்னது என்று சொல்லுங்கள். "காலையில் பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும் என்றே மருமகளைக் குத்திப் பேசினேன்." இது அறிக்கை. பத்துக் கட்டளைகளை முன்னால் வைத்துக்கொண்டு உன் நிலைமையைப் பார் என்கிறது, எங்கள் சபையின் முன்னோடி மார்ட்டின் லுத்தர் கேள்வி பதிலாக எழுதிய விசுவாசப் பாடமான சிறிய ஞானோபதேசம்: நீ தகப்பனா, தாயா, மகனா, வேலைக்காரனா? சோம்பலாய் இருந்தாயா, யாரையாவது பேச்சால் புண்படுத்தினாயா? அதே ஞானோபதேசம், இல்லாத பாவத்தைத் தோண்டி உன்னை வதைக்காதே என்றும் சொல்லும். லுத்தருக்கு அந்த வதை தெரியும். மடத்தில் துறவியாக இருந்த காலத்தில் தம் மேலதிகாரி ஸ்டௌபிட்ஸிடம் மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்தவர்.

கே (காவேரிப்பட்டணம்): எனக்குக் கண்ணீரே வருவதில்லை.

ப: வர வேண்டியதில்லை அம்மா. ஆசீர்வாதத்தை இழந்த ஏசா அழுதான், ஒன்றும் நடக்கவில்லை. மனந்திரும்பிய வரி வசூல்காரன் சகேயு அழுததாக எழுதியிருக்கவில்லை.

கே (எலத்தகிரி): நாங்கள் கத்தோலிக்கர். வருஷத்துக்கு ஒருமுறை பாவசங்கீர்த்தனம் போதுமா?

ப: சாவான பாவம், அதாவது கனமான பாவம், இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறையாவது என்பது உங்கள் திருச்சபைச் சட்டம். மற்றதைப் பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.

கே (தர்மபுரி): நேற்றைய, இன்றைய, நாளைய பாவம் எல்லாம் சிலுவையிலேயே மன்னிக்கப்பட்டாயிற்று. தினமும் மன்னிப்பு கேட்பது அவிசுவாசம் என்கிறார் எங்கள் பாஸ்டர்.

ப: தம்பி, பரமண்டல ஜெபத்தை உங்கள் சபையில் சொல்வதுண்டா? இன்றைய ஆகாரத்தைக் கேட்ட கையோடு "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று வருகிறது. சோறு தினமும் வேண்டும், மன்னிப்பு ஒருமுறை போதும் என்று எப்படிப் பிரிப்பது? 1517ல் லுத்தர் எழுதிய 95 வாக்கியங்களில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். 1895ல் லுத்தரன் மிஷனரி நேத்தர் மிஷன் ஊழியம் தொடங்கிய ஊர் இந்தக் கிருஷ்ணகிரி. ஞானஸ்நானம் என்றால் பழைய ஆதாம், அதாவது நமக்குள் இருக்கும் பாவ சுபாவம், தினமும் மூழ்கிச் சாக வேண்டும் என்று ஞானோபதேச வகுப்புப் பிள்ளையே ஒப்பிக்கும்.

கே (அதே தம்பி): அப்படியானால் சிலுவையில் குறையா?

ப: குறை இல்லை. யோவான் 13:10 பாருங்கள். முழுகினவன் மறுபடி முழுக வேண்டாம், கால் கழுவினால் போதும். அதற்காகக் கழுவாத காலோடு பந்தியில் உட்காரலாம் என்று இயேசு சொன்னாரா? கால் கழுவ விடாத பேதுருவிடம் கறாராகவே பேசினார். பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9 விசுவாசிகளுக்கு எழுதினது.

கே (பென்னாகரம்): குறுக்கே வருகிறேன். அறிக்கையிடாமல் தூக்கத்திலேயே செத்தால்?

ப: உங்கள் பட்டியல் உங்களை இரட்சிப்பதில்லை, கிறிஸ்து இரட்சிக்கிறார். இதில் தம்பியின் பாஸ்டர் சொல்வது சரி. இதோடு இந்த விவாதம் போதும். ஐந்து பேர் அவரவர் பாஸ்டருடைய வீடியோவை அனுப்பிவிட்டீர்கள், நான் பார்க்கப் போவதில்லை.

கே (ஊத்தங்கரை): ஜெபத்தில் அழுகை வரவில்லை...

ப: காவேரிப்பட்டணத்து அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கே (பர்கூர்): மாங்காய் மண்டி வைத்திருந்தேன். பெங்களூரா ரக மாங்காய் லோடு வந்தால் கழிவு என்று கூடுதலாகப் பிடிப்பேன். தினமும் ஜெபத்தில் சொல்கிறேன், மனசு ஆறவில்லை.

ப: ஆறாது. அந்தப் பணம் இன்னும் உங்களிடம்தானே இருக்கிறது? எண்ணாகமம் 5:7 அறிக்கையோடு நிறுத்தவில்லை. முதலையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது. சகேயு நாலத்தனை என்றான். பழைய சிட்டை இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் நினைவிலுள்ள தோட்டக்காரரிலிருந்து தொடங்குங்கள்.

கே (அவரே): அதில் ஒருவர் இறந்துவிட்டார் ஐயா.

ப: அடுத்த வசனமே அதற்குத்தான்: உறவினருக்குக் கொடுக்க வேண்டும், உறவினரும் இல்லாவிட்டால் கர்த்தருக்கு. அவர் மகன் இருப்பார், விசாரியுங்கள். கவரில் போட்டு யாரிடமாவது கொடுத்தனுப்பாதீர்கள், நீங்களே போங்கள்.

கே (மத்தூர்): கண்ணீர் இல்லாத ஜெபம் கேட்கப்படுமா?

ப: கேட்கப்படும். அடுத்தவர்.