நான்கு வருடமாக அதே ஆள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூஜெர்சியிலிருந்து தினமும் ரயிலில் நியூயார்க் போய்வருகிறேன். பென் ஸ்டேஷன் வாசலில் நான்கு வருடமாக அதே ஆள், அதே நீலப் போர்வை, அதே தள்ளுவண்டி. நீங்களோ வீடிழந்தவர்களில் பெரும்பாலோர் சீக்கிரம் மீண்டுவிடுகிறார்கள் என்று எழுதுகிறீர்கள். தெருவுக்கு வந்தவர் தெருவோடுதான், காப்பகம் கட்டுவதெல்லாம் வீண் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கண்ணால் பார்ப்பது பொய்யா?

கே.

அன்புள்ள கே.,

பொய்யில்லை. ஆனால் அவர் உங்கள் கண்ணில் படுவதே அவர் அங்கேயே கிடப்பதால்தான். வாடகை பாக்கிக்காக வெளியேற்றப்பட்டு, இரண்டு ராத்திரி காப்பகத்தில் படுத்துவிட்டு மூன்றாம் நாள் அக்கா வீட்டுக்குப் போய்விட்ட பெண்ணை நீங்கள் எங்கே பார்த்திருக்கப் போகிறீர்கள்? பார்த்திருந்தாலும் பையோடு நிற்கும் இன்னொரு பயணி என்றுதானே நினைத்திருப்பீர்கள்.

நியூயார்க், பிலடெல்பியா காப்பகங்களின் பதிவுகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து, டென்னிஸ் கல்ஹேனும் ராண்டல் குன்னும் 1998இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தனியாளாக வந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போனவர்கள். வருடக்கணக்கில் கிடந்தவர்கள் ஏறத்தாழ 10 சதவீதம்தான், ஆனால் கட்டில்களில் கிட்டத்தட்ட பாதி அவர்களிடமே இருந்தது.

எப்படி என்கிறீர்களா? பத்துக் கட்டில் உள்ள ஒரு காப்பகம், ஐந்தில் மாதம் முழுக்க அதே ஐந்து பேர், மீதி ஐந்தில் ராத்திரிக்கு ராத்திரி ஆள் மாறுகிறது என்று வையுங்கள். எந்த ராத்திரி எட்டிப் பார்த்தாலும் பாதிப்பேர் பழைய முகம். மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டினால் 155 பெயர் இருக்கும், அதில் பழைய முகம் ஐந்தே ஐந்து. அமெரிக்க அரசு ஜனவரியில் ஒரு ராத்திரி தலை எண்ணுகிறதே (2024இல் சுமார் 7.7 லட்சம்), அதுவும் இப்படி எட்டிப் பார்ப்பதுதான்.

சரி, காப்பகம் வீணா? அக்கா வீட்டுக்குப் போன பெண்ணுக்கு அந்த இரண்டு ராத்திரிதான் எல்லாம். உங்கள் நீலப் போர்வைக்காரருக்கு வேண்டியது காப்பகமே இல்லை, வீடு. 1992இல் உங்கள் நியூயார்க்கிலேயே 'பாத்வேஸ் டு ஹவுசிங்' என்ற அமைப்பு, முதலில் குடியை நிறுத்து, மருந்து சாப்பிடு என்றெல்லாம் நிபந்தனை போடாமல் நேராகச் சாவியைக் கையில் கொடுக்க ஆரம்பித்தது. பெரும்பாலோர் வீட்டிலேயே நிலைத்தார்கள்.

அப்புறம் ஒன்று, இந்தக் கணக்கை அப்படியே சென்னைக்குத் தூக்கி வந்துவிடாதீர்கள். வால்டாக்ஸ் ரோடு பக்கம் பிளாட்பாரத்தில் பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்று, பேரனையும் பார்த்துவிட்ட குடும்பங்கள் இருக்கின்றன. அது வேறு கதை, இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன்.