பாலிஷ் போட்டும் கிராங்க் ஏன் மின்னவில்லை?

கேள்வி: பழைய சைக்கிளின் அலுமினிய கிராங்கை (பெடல் மாட்டியிருக்கும் கையை) கழற்றி, மெட்டல் பாலிஷ் போட்டு இரண்டு மணி நேரம் தேய்த்தேன். துணிகூடக் கறுக்கவில்லை. மெஷின் இல்லாமல், கையாலேயே கண்ணாடி போல ஆக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். துணி கறுக்கவில்லை என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். வெறும் அலுமினியத்தில் பாலிஷ் பட்டால் நாலு தேய்ப்பிலேயே துணி கறுத்துவிடும். உங்கள் பாலிஷ் இன்னும் உலோகத்தைத் தொடவே இல்லை. நடுவில் ஆனோடைசிங் படலம் இருக்கிறது, அதாவது அலுமினியத்தைக் காக்க மின்சாரத்தால் அதன்மேல் உருவாக்கிய கெட்டியான படலம். அது அலுமினிய ஆக்சைடு. பல உப்புத்தாள்களில் ஒட்டியிருக்கும் துகளும் அதேதான். பாலிஷுக்கு அது மசியாது.

படலத்தை எடுக்க இரண்டு வழி. பொறுமை இருந்தால் 320 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்தே எடுக்கலாம். நான் இதைத்தான் சொல்வேன். காஸ்டிக் சோடா கரைசல் சில நிமிடங்களில் வேலையை முடிக்கும். ஆனால் அது தோலையும் கண்ணையும் புண்ணாக்கும், வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றும். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, திறந்தவெளி மூன்றும் கட்டாயம். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாமேல் தண்ணீர் ஊற்றவே கூடாது. பாகம் முழுக்கக் குமிழி கிளம்பினால் படலம் கரைந்துவிட்டது என்று அர்த்தம். உடனே எடுத்து நன்றாக அலசுங்கள், விட்டால் அலுமினியத்தையே தின்ன ஆரம்பிக்கும்.

அப்புறம்தான் உண்மையான வேலை. பளபளப்பைத் தருவது பாலிஷ் என்று நினைக்கிறோம்; முக்கால்வாசி அது உப்புத்தாளிலேயே வந்துவிடுகிறது. 320, 400, 600, 800, 1000, 1500, 2000 என்று ஏறிப் போங்கள்; நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும். சோப்பு கலந்த தண்ணீரில் தாளை நனைத்துக்கொண்டே தேய்க்க வேண்டும். ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றுங்கள்: 400-ஐ நீளவாக்கில் தேய்த்தால் 600-ஐக் குறுக்கே. நீளவாக்குக் கீறல் ஒன்றுகூடக் கண்ணில் படாத வரை 800-க்குப் போகாதீர்கள். அவசரப்பட்டு விட்ட ஒரு 400 கீறல், கடைசியில் பளபளப்புக்கு நடுவே கோடாகத் தெரியும். அதற்காக மறுபடி 400-இலிருந்து ஏறி வருவது பெரிய வேதனை. நம்பர் மாறும்போது பாகத்தையும் கையையும் கழுவிவிடுங்கள். ஒட்டியிருக்கும் ஒரு முரட்டுத் துகள் போதும், எல்லாம் பாழ்.

2000 முடிந்ததும் பழைய பருத்தி பனியன் துணியில் பாலிஷைக் கொஞ்சமாக எடுத்துத் தேயுங்கள். இப்போது துணி கறுக்கும். கறுப்பு காய்வதற்குள் சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் உங்கள் முகம் தெரியும்.

பெடல் மாட்டும் மரையையும், கிராங்க் அச்சில் உட்காரும் துளையையும் தொடாதீர்கள். ரிம்மையும் பாலிஷ் செய்யும் எண்ணம் இருந்தால், பிரேக் கட்டை உரசும் பக்கத்தை விட்டுவிடுங்கள். அங்கே பாலிஷோ மெழுகோ பட்டால் பிரேக் பிடிக்காது. தேய்க்கும்போது கிராங்கில் முடிபோல விரிசல் தெரிந்தால், வேலையை நிறுத்திவிட்டு வேறு கிராங்க் வாங்குங்கள்.

படலம் போய்விட்டதால் வியர்வையும் மழையும் மெல்ல மங்க வைக்கும். மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்து, மங்கும்போதெல்லாம் பாலிஷ் துணியால் ஐந்து நிமிடம் தேய்த்தால் போதும்.