பத்து மீட்டர் மேடையும் பம்புசெட்டுக் கிணறும்: வாசகர் கேள்வி, அண்ணாச்சி பதில்

கேள்வி: அண்ணாச்சி, டாம் டேலினு ஒரு இங்கிலாந்துக்காரரைப் பத்தி என் மக ஓயாமப் பேசுதா. டைவ் அடிக்கிறவராம். யாரு அவரு, அப்படி என்ன செஞ்சுட்டாரு?
(கல்லிடைக்குறிச்சி வாசகி)

பதில்: மகளுக்கு நல்ல ரசனைதான். இங்கிலாந்தின் தென்மேற்கு ஓரத்தில் பிளிமத் என்று ஒரு துறைமுக ஊர், 1994 மே மாதம் அங்கே பிறந்தவர். ஏழு வயதில் டைவிங் பழக ஆரம்பித்து, பதினாலு வயதில் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் போய்விட்டார். அங்கே பதக்கம் ஒன்றும் இல்லை. தனியாகக் குதித்ததில் ஏழாவது, ஜோடியாகக் குதித்ததில் எட்டுக்கு எட்டாவது, போதாததற்குக் கூடக் குதித்தவருக்கும் இவருக்கும் இருந்த மனக்கசப்பு பத்திரிகை வரை வந்துவிட்டது. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு வயசுப் பையனுக்கு இது எவ்வளவு பெரிய பாரம் என்று யோசித்துப் பாருங்கள்.

மறு வருஷமே, 2009-ல், ரோமில் நடந்த உலகப் போட்டியில் பத்து மீட்டர் மேடையில் சீனக்காரர்களைத் தாண்டித் தங்கம் எடுத்துவிட்டார். அப்போது வயது பதினைந்து. எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்ததுதான். பத்திரிகையாளர் கூட்டத்தில் கேள்வி கேட்கிற மாதிரி அவர் அப்பா ராபர்ட் எழுந்து, நான் டாமோட அப்பா, இங்கே வந்து ஒரு தடவை கட்டிப்பிடிச்சுக்கோ என்று கூப்பிட, பையன் கூச்சத்தில் நெளிந்திருக்கிறார். அந்த அப்பா மூளைக் கட்டியால் 2011 மே மாதம் இறந்துபோனார். சொந்த நாட்டில் லண்டன் ஒலிம்பிக் வருவதற்கு ஒரு வருஷம் முன்னாடி.

நம்ம நாட்டுக்கும் வந்திருக்கிறார், பலருக்கு மறந்திருக்கும். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் தனியாக ஒரு தங்கம், மேக்ஸ் பிரிக்கோடு ஜோடியாக ஒரு தங்கம். தனிப்போட்டியில் அவரிடம் தோற்று வெள்ளி வாங்கியவர் ஆஸ்திரேலியாவின் மேத்யூ மிட்சம், பெய்ஜிங்கில் இதே மேடையில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். அந்த வாரம் நம்ம ஊர்ப் பேப்பர்கள் முழுக்க மல்யுத்தமும் துப்பாக்கிச் சுடுதலும் பேட்மிண்டனும்தான். அதில் தப்பில்லை, பதக்கம் நமக்கு அங்கேதானே வந்தது.

அப்புறம் லண்டனில் வெண்கலம், ரியோவில் டான் குட்ஃபெல்லோவோடு வெண்கலம், டோக்கியோவில் மேட்டி லீயோடு தங்கம், தனியாக வெண்கலம், 2024 பாரீஸில் நோவா வில்லியம்ஸோடு வெள்ளி. ஆக ஐந்து ஒலிம்பிக், ஐந்து பதக்கம். பாரீஸ் முடிந்த கையோடு ஓய்வு அறிவித்துவிட்டார். 2013 டிசம்பரில், தான் ஓர் ஆணைக் காதலிப்பதாக அவரே காணொளி போட்டுச் சொன்னார், 2017-ல் திருமணம், இப்போது இரண்டு பையன்கள். மகளிடம் இதைப் பற்றிப் பேசத் தயங்காதீர்கள். அவளுக்கு எல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

கேள்வி: எங்க ஊர்ப் பையன்கள் பம்புசெட்டு ரூம் மேலே ஏறி நின்று கிணற்றுக்குள் பல்டி அடிக்கிறான்கள். வெயில் காலத்தில் தண்ணி கீழே போய்விட்டால் முப்பது அடிக்கும் மேலே இருக்கும். இவர்களுக்கு யார் பதக்கம் கொடுத்தது? வெள்ளைக்காரன் குதித்தால்தான் பெரிய விஷயமா?
(ஆலங்குளம் வாசகர்)

பதில்: கோபம் நியாயம்தான், கணக்கும் சரிதான். பத்து மீட்டர் என்பது ஏறத்தாழ 33 அடி. தைரியத்துக்கு மட்டும் பதக்கம் என்றால் ஆலங்குளத்துக்கு ஒரு லாரி நிறைய வந்திருக்க வேண்டும்.

ஆனால் உங்கள் பையன் கிணற்றில் எப்படி விழுகிறான் என்று கவனித்திருக்கிறீர்களா? காலை மடக்கிக் கையால் கட்டிக்கொண்டு, தண்ணீர் எவ்வளவு மேலே எகிறுகிறதோ அவ்வளவு கௌரவம், மேட்டில் நிற்கிறவன் நனைந்தால் இரட்டை கௌரவம். மேடை டைவிங்கில் எல்லாம் தலைகீழ். தண்ணீர் தெறிக்கவே கூடாது. பத்து மீட்டரில் இருந்து விழுகிறவர் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரைத் தொடுகிறார், காற்றில் இருக்கிற நேரம் ஒன்றரை விநாடிக்குக் கொஞ்சம் கூட. அதற்குள் மூன்றரை, நான்கரைக் கரணம் போட்டு முடித்து உடம்பைக் குச்சியாக நீட்டியாக வேண்டும்.

கையைப் பாருங்கள். நாம் நினைப்பது மாதிரி விரல் நுனியைக் கூர்மையாக்கிக் கொண்டு போவதில்லை. ஒரு கை இன்னொரு கையைப் பிடித்திருக்க, உள்ளங்கை தட்டையாகத் தண்ணீரைப் பார்த்திருக்கும். அந்தத் தட்டை உள்ளங்கை தண்ணீரில் ஒரு ஓட்டை போடுகிறது, உடம்பு அந்த ஓட்டை வழியாகவே உள்ளே போகிறது. உள்ளே போன அந்த நொடியே கைகளைப் பிரித்துப் பக்கவாட்டில் இழுப்பார்கள், அதில் மேலே கிளம்ப வேண்டிய தண்ணீரும் கூடவே கீழே போய்விடும். சத்தம் மட்டும் துணி கிழிகிற மாதிரி கேட்கும். அந்த அடி முழுவதையும் முதலில் வாங்குவது மணிக்கட்டு, அதனால்தான் பலர் அங்கே பட்டையாகக் கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, டிவியில் பார்க்கும்போது தண்ணீர் மேலே சின்னதாகத் தூறல் விழுகிற மாதிரி தெரியும். அது வேண்டுமென்றே பீய்ச்சுவது. அசையாத தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், சுழன்றுகொண்டு வருகிறவனுக்கு அது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். கிணற்றில் தலைகீழாகப் பாய விடாதீர்கள். போட்டிக் குளத்தில் ஐந்து மீட்டர் ஆழம், அடியில் வழவழவென்று தரை. நம் கிணற்றில் போன வாரம் இருந்த தண்ணீர் இந்த வாரம் இல்லை, பாதியில் படிக்கல் நீட்டிக்கொண்டிருக்கும், மோட்டார் குழாய் ஒரு பக்கம், யாரோ போட்ட கல் ஒரு பக்கம். தாமிரபரணியிலும் இதே கதைதான், மணல் அள்ளிய இடத்தில் ஆள் முங்குகிற பள்ளம், அதற்குப் பத்தடி தள்ளி முழங்கால் தண்ணீர். கழுத்து உடைந்தால் கழுத்துக்குக் கீழே எதுவும் வேலை செய்யாது. கால் முன்னால் போக எவ்வளவு வேண்டுமானாலும் குதிக்கட்டும் என்றுகூட நான் சொல்ல மாட்டேன், ஆனால் தலை முன்னால் போகவே கூடாது.

கேள்வி: ரியோவில் டேலி தனிப்போட்டியில் முதல் சுற்றில் முதலிடம், அடுத்த சுற்றில் வெளியே. இது எப்படி? ஏதாவது உள்வேலையா?
(தென்காசி, கல்லூரி மாணவர்)

பதில்: உள்வேலை எல்லாம் இல்லை தம்பி, விதி அப்படி. தகுதிச் சுற்றில் ஆறு டைவில் 571.85 புள்ளி வாங்கி முதலிடம். மறுநாள் காலை அரையிறுதி, அங்கே எல்லாரும் சைபரில் இருந்து தொடங்க வேண்டும். நேற்று வாங்கியது நேற்றோடு போச்சு. அரையிறுதியில் பதினெட்டுப் பேர், பன்னிரண்டு பேர்தான் இறுதிக்குப் போவார்கள், டேலி பதினெட்டாவது. முதல் நாள் அந்தப் புள்ளியோடு இறுதிப் போட்டியில் இருந்திருந்தால் கட்டாயம் ஒரு பதக்கம் கழுத்தில் விழுந்திருக்கும். என்னைக் கேட்டால் அவருடைய வாழ்க்கையில் டோக்கியோ தங்கத்தைவிட இந்தக் காலைப்பொழுதைத்தான் விளையாட்டு மாணவர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஏனென்றால் அடுத்த வருஷம், 2017-ல், புடாபெஸ்டில் அதே பத்து மீட்டரில் சீனர்களை முந்தி மறுபடியும் உலகச் சாம்பியன் ஆனார். முதல் தடவைக்கும் இதற்கும் நடுவே எட்டு வருஷம்.

லண்டன் கதையும் கேளுங்கள். இறுதிச் சுற்றின் முதல் டைவ், உள்ளூர்ப் பையன் என்பதால் கூட்டம் மொத்தமும் கேமராவோடு இருக்கிறது, அவர் சுழலும்போது பளிச் பளிச் என்று ஃபிளாஷ். டைவ் சொதப்பியது. மேலே போய் நடுவரிடம் முறையிட்டார்கள், மறுபடி குதிக்க அனுமதி கிடைத்தது, இரண்டாவது தடவை சுத்தமாகக் குதித்து, கடைசியில் வெண்கலம். அது நியாயமா என்று இன்றைக்கும் சிலர் கேட்பார்கள். ஃபிளாஷ் அடிக்காதே என்று அறிவித்திருந்த இடத்தில் அடித்தால் அது ஆட்டக்காரன் தப்பா? எனக்கு அதில் குறை தெரியவில்லை. ஆனால் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அந்தக் குறிப்பிட்ட டைவைக் கண்டாலே அவருக்கு நடுக்கம் வந்து, கடைசியில் அதையே மாற்றிவிட்டு வேறொன்று பழகிக்கொண்டார்.

கேள்வி: ஜோடியாகக் குதிப்பதற்கு எப்படி மார்க் போடுகிறார்கள்? ரெண்டு பேரில் ஒருத்தன் சொதப்பினால்?
(சேரன்மகாதேவி வாசகர்)

பதில்: ரெண்டு பேருக்கும் சேர்த்து அடி. பதினோரு நடுவர்கள். மூன்று பேர் ஒருவரை மட்டும் பார்ப்பார்கள், மூன்று பேர் அடுத்தவரை மட்டும், மீதி ஐந்து பேர் இருவரும் ஒரே நேரத்தில் கிளம்பி, ஒரே நேரத்தில் சுற்றி, ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொடுகிறார்களா என்று மட்டும் பார்ப்பார்கள். உச்ச மார்க்கையும் அடி மார்க்கையும் கழித்துவிட்டு, மிச்சத்தைக் கூட்டி, டைவின் கடினத்துக்கு என்று ஓர் எண் இருக்கிறது, அதால் பெருக்குவார்கள். அதனால் சுலபமான டைவைப் பிரமாதமாகச் செய்வதா, கஷ்டமானதைச் சுமாராகச் செய்வதா என்று பயிற்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

டோக்கியோவில் நடந்தது இந்தக் கணக்கில்தான். 2004-ல் இருந்து அதுவரை அந்தப் போட்டியில் தங்கம் சீனாவை விட்டுப் போனதே இல்லை. நாலாவது சுற்றில் சீன ஜோடி ஒரு டைவைக் கோட்டைவிட்டது, டேலியும் மேட்டி லீயும் உள்ளே புகுந்துகொண்டார்கள். கடைசிச் சுற்றில் முன்னோக்கி நான்கரைக் கரணம், 101.01 புள்ளி. சீனர்களுக்கு இன்னும் ஒரு டைவ் மிச்சம், இவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். முடிவு 471.81-க்கு 470.58. வித்தியாசம் 1.23. அதற்குச் சில வாரம் முன்புதான் டேலி முழங்காலில் அறுவை சிகிச்சை முடித்து வந்திருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டோக்கியோவில் டேலி பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாராமே, அது விளம்பரத்துக்கா?
(மேலப்பாளையம் வாசகி)

பதில்: இல்லம்மா, சும்மா இருந்தால் மனசு அலைபாய்கிறது என்று பயிற்சியாளர் யோசனையில் ஆரம்பித்த பழக்கம். வாங்கின தங்கப் பதக்கம் கீறல் விழாமல் இருக்க அதற்கே ஒரு சின்ன உறை பின்னிக்கொண்டார். பாரீஸிலும் ஊசி கையுமாகத்தான் இருந்தார்.

கேள்வி: என் பையனுக்கு ஒன்பது வயசு. ஆற்றில் நன்றாக நீந்துவான், பயமே கிடையாது. டைவிங் பழக வைக்கலாமா? எங்கே?
(அம்பாசமுத்திரம், ஒரு தாய்)

பதில்: பழக வைக்கலாம், வயது சரியான வயதுதான். பயமே கிடையாது என்று சொன்னீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. பயிற்சியாளர்கள் தேடுவது சொன்ன இடத்தில் நிற்கிற பையனை, அந்தப் பையனுக்குப் பயம் இருந்தால் நல்லது.

முதலில் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்து நீச்சல் குளத்தில் சேர்த்து நீச்சலை ஒழுங்காகப் படிக்க வையுங்கள், ஆற்று நீச்சல் வேறு, கோடு போட்ட குளத்து நீச்சல் வேறு. கூடவே ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுக்கிற ஆள் பக்கத்தில் இருந்தால் விடாதீர்கள், டைவிங்கில் பாதி வேலை தரையில்தான், டிராம்போலின், மெத்தை, இடுப்பில் கயிறு கட்டிக் கரணம் என்று தண்ணீரைத் தொடாமலே மணிக்கணக்கில் போகும். முறையான மேடையும் டைவிங் குளமும் வேண்டும் என்றால் சென்னை வேளச்சேரி நீச்சல் வளாகம் வரை போக வேண்டியிருக்கும். அம்பையில் இருந்து அது சின்னத் தூரமா என்ன? விடுமுறையில் ஒரு தடவை கூட்டிப் போய்க் காட்டுங்கள், பத்து மீட்டர் மேடையைக் கீழே நின்று பார்க்கட்டும். போவதற்கு முன் போன் போட்டுக் குளம் திறந்திருக்கிறதா, பயிற்சியாளர் எந்த நேரம் இருப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பையனுக்குப் பிடித்துவிட்டது என்றால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள், படிப்பு, விடுதி விஷயத்தை அப்புறம் பார்க்கலாம்.