அந்த வேட்டிகள் யாருக்கு உரியவை?

கேள்வி: என் கணவர் காலமாகி 14 மாதங்கள் ஆகின்றன. முதலாண்டு நினைவுச் சடங்கான ஆட்டைத் திவசம் முடிந்த பின்னர், மஞ்சள், வெங்காயத் தோல், கடுக்காய் ஆகியவற்றால் துணிகளுக்குச் சாயமிட்டு, அவற்றைக் கையால் தைத்து விரிப்புகள் செய்து வருகிறேன். மனம் ஆறுகிறது. அவருடைய வேட்டிகள் இருந்தபடியால் துணிக்குச் செலவில்லை. மாமிதான் இப்போது கிணற்றடிப் பக்கமே வருவதில்லை. மஞ்சள் நிறம் வெளிறாமலிருக்க என்ன செய்யலாம்? இதைத் தொடரலாமா?
- வாசகி, இணுவில்

பதில்: மஞ்சள் சாயம் வெயிலுக்கு நில்லாது, எதைச் சேர்த்தாலும் வெளிறவே செய்யும். காய்ந்த மாதுளம் தோலைப் பயன்படுத்துங்கள். துணியைச் சலவைச் சோடாவில் நன்றாக அவித்து அலசி, கடுக்காய் நீரில் ஊறவைத்து, பின்னர் ஒரு கிலோ துணிக்கு 150 கிராம் அளவில் சீனக்காரம் (படிகாரம்) கரைத்த நீரில் இட்டெடுத்தால், பருத்தியில் சாயம் பிடிக்கும். ஒல்லாந்தர் காலத்திலேயே சிவப்புச் சாயத்துக்காகச் சாயவேர் கிண்டிய மண் இது. நீங்கள் செய்வது நல்ல தொழில்தான்.

இனி, நீங்கள் கேளாததைச் சொல்கிறேன். துணையை இழந்தவர்களிடமிருந்து எனக்கு வரும் கடிதங்களில் "மனம் ஆறுகிறது" என்ற சொற்கள் பலமுறை வந்திருக்கின்றன. அவற்றை நான் ஐயுறுவதில்லை. ஆனால் கணவரின் வேட்டிகளைச் செலவுக் கணக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டு, அதற்கடுத்த வரியிலேயே மாமி கிணற்றடிக்கு வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்களே, இவ்விரண்டையும் சேர்த்து ஒருமுறையாவது வாசித்துப் பார்த்தீர்களா? தன் மகன் உடுத்த வெள்ளை வேட்டி, அடுப்பில் வைத்த பானைக்குள் வெங்காயத் தோலோடு கொதித்து, செம்மஞ்சளாகிக் கொடியில் தொங்குவதை அந்தத் தாய் கண்டிருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை.

இது பெரிய பிழை, சகோதரி. நீங்கள் கணவருடன் வாழ்ந்த ஆண்டுகள் எத்தனையாயினும், அவரைப் பெற்றவர் அந்த வீட்டில் இருக்கும்வரை, அவர் விட்டுச்சென்ற துணியில் கத்தரிக்கோல் வைக்கும் உரிமை உங்கள் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஒரே சாவுக்கு இருவர் அழும் வீட்டில் ஒருவர் மட்டும் ஆறுதலை எடுத்துக்கொண்டு மற்றவரை ஒதுக்கிவிடுவதை நான் குடும்பம் என்று சொல்லமாட்டேன். கணவர் இல்லாத வீட்டில் அவருடைய தாயைப் பார்க்கும் கடமை உங்களுடையது. அது சோறு போடுவதோடு முடிவதில்லை.

இன்றைக்கே அடுப்பை அணையுங்கள். அலுமாரியில் எஞ்சியிருக்கும் வேட்டிகளையும் சால்வைகளையும், வெட்டி ஒதுக்கிய கரைத் துண்டுகளையும்கூட, மாமியின் கட்டிலுக்கு எடுத்துச்சென்று, கேளாமல் வெட்டியதற்கு மன்னிப்புக் கேளுங்கள். எவற்றை வெள்ளையாகவே வைத்திருப்பது என்று அவரே பிரித்துத் தரட்டும். எல்லாவற்றையும் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். தைப்பதற்குக் கடையில் காடாத்துணி கிடைக்கும். ஒன்றிரண்டை உங்கள் கையில் அவர் திருப்பித் தந்தால், அவற்றை விறாந்தையில் அவருக்குப் பக்கத்தில் இருந்து தையுங்கள்.