"சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வரப்போகிறது. அயர்லாந்துச் சிறுவன் டோனல் வால்ஷ் பற்றி எங்கள் பிள்ளைகளிடம் பேசலாமா? (ஆசிரியை, மண்டபம்)

தாராளமாகப் பேசுங்கள். 12 வயதில் எலும்புப் புற்றுநோய். 2013 மே மாதம், 16 வயதில் இறந்துபோனான். இனிப் பிழைக்க வழியில்லை என்று தெரிந்த பிறகும், தன் வயதுப் பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொள்ளக் கூடாது என்று டிவியில் வந்து பேசினான். எவ்வளவு பெரிய மனசு!

ஆனால், "அவனே வாழ ஆசைப்பட்டான், உனக்கென்ன கேடு?" என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். மனம் உடைந்த பிள்ளை, தான் எல்லோருக்கும் பாரம் என்றுதான் ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கும். அதன்மேல் குற்ற உணர்ச்சியையும் ஏற்றினால் வாயே திறக்காது. "அப்படித் தோன்றினால் என்னிடம் வாருங்கள், திட்ட மாட்டேன்" என்று சொல்லுங்கள். கரும்பலகை ஓரத்தில் 14416, 104 என்ற தொலைபேசி உதவி எண்களை எழுதி, அழிக்காமல் விடுங்கள். இரண்டுமே இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மகள் "செத்தாத்தான் நிம்மதி" என்கிறாள். அதைப் பற்றிக் கேட்டால் எண்ணத்தைக் கிளறிவிட்ட மாதிரி ஆகாதா? (தாய், கீழக்கரை)

ஆகாதும்மா. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. நேராகவே கேளுங்கள், பதில் வரும்வரை பொறுங்கள். "ஆமாம்" என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரை, மருந்து எதுவும் கைக்கெட்ட வேண்டாம். அன்றைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். ஏர்வாடி தர்காவுக்குப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போய் வாருங்கள், சிகிச்சையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

14 வயது மகனுக்கு முழங்காலுக்கு மேல் வீக்கம். பந்து விளையாடி விழுந்ததுதான் என்று எண்ணெய் போட்டு உருவுகிறோம். (மீனவர், தங்கச்சிமடம்)

உருவுவதை இன்றே நிறுத்துங்கள். பெரும்பாலும் அடிபட்ட வீக்கமாகத்தான் இருக்கும். ஆனால் வாரக்கணக்கில் வற்றாமல், ராத்திரித் தூக்கத்தையும் வலி கெடுத்தால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு எலும்புப் புற்றுநோய் முழங்காலைச் சுற்றித்தான் அதிகம் வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பல பிள்ளைகளின் உயிரோடு காலையும் காப்பாற்ற முடிகிறது. மீன்பிடித் தடைக்காலம், கையில் காசில்லை என்று தள்ளிப்போடாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை புற்றுநோய்க்கும் உண்டு.

தற்கொலைக்கு முயன்றால் ஜெயிலா? (தொண்டி)

இல்லை. கடும் மன அழுத்தத்தில் செய்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு. ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போகும். அதற்குப் பயந்து வீட்டிலேயே வைத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.