+91-ஐ எந்த வாசலில் கழற்றுவது?

கேள்வி: வேலூர் காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜுக்கு ரூம் புக்கிங் தளம் செய்து கொடுத்திருக்கிறேன். சர்வர் ஃபாஸ்டிஃபை (Fastify என்ற நோட்.ஜேஎஸ் கட்டமைப்பு). மொபைல் எண்ணில் சரியாக 10 இலக்கம் இருக்க வேண்டும் என்று ஸ்கீமாவில் (வரும் தரவு எப்படி இருக்க வேண்டும் என்ற வரையறையில்) விதி. வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்து வருபவர்கள் +91 போட்டு, நடுவில் இடம் விட்டு டைப் செய்கிறார்கள். 400 பிழைதான் (அனுப்பிய தரவு தவறு என்ற பதில்) வருகிறது. ஆன்ரிக்வெஸ்ட் ஹூக்கில் (கோரிக்கை கடந்து போகும் கட்டங்களில் நம் கோடை நுழைக்கும் இடம்) திருத்தப் பார்த்தால் பாடி, அதாவது அனுப்பிய தரவு, காலி. ப்ரீஹேண்ட்லரில் எழுதினால் அது ஓடவே இல்லை.
– சத்துவாச்சாரி வாசகர்

பதில்: ஒன்றில் முந்திவிட்டீர்கள், இன்னொன்றில் பிந்திவிட்டீர்கள். பாடியைப் பிரித்துப் படிப்பது ப்ரீபார்சிங் ஹூக்குக்குப் பிறகுதான். அடுத்து ப்ரீவேலிடேஷன், அப்புறம் ஸ்கீமா சோதனை, அதில் தேறினால்தான் ப்ரீஹேண்ட்லர். எனவே உங்கள் இடம் ப்ரீவேலிடேஷன். அங்கே ரிக்வெஸ்ட் பாடியில் எண்ணை மாற்றி எழுதினால், ஸ்கீமா பார்ப்பது மாற்றிய எண்ணைத்தான். சர்வர் முழுக்கப் போடாதீர்கள். புக்கிங் ரூட்டில் (புக்கிங்கைப் பெறும் முகவரியில்) மட்டும் போதும்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. பலர் சறுக்குவது இதற்கு அப்புறம்தான். அந்தக் கட்டத்தில் வந்த தரவை யாரும் இன்னும் சோதிக்கவில்லை. பாடியே இல்லாமல் வரலாம், மொபைல் எண் ஸ்ட்ரிங்காக (எழுத்துச் சரமாக) இல்லாமல் வெறும் எண்ணாக வரலாம். எழுத்துகளை மாற்றும் ரீப்ளேஸை நேராகப் போட்டால் ஹூக் அங்கேயே விழுந்து, 400 போக வேண்டிய இடத்தில் 500 (சர்வர் பக்கப் பிழை) போகும். ஸ்ட்ரிங்தானா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்; இல்லையென்றால் அப்படியே விடுங்கள், ஸ்கீமா பார்த்துக்கொள்ளும்.

இடைவெளி, ஹைஃபன் இரண்டையும் எடுங்கள். முன்னால் +91 இருந்தால் அதையும் எடுங்கள். பிளஸ் இல்லாமல் 91 என்று தொடங்கினால் மொத்தம் 12 இலக்கம் இருக்கும்போது மட்டும் வெட்டுங்கள். 91-ல் தொடங்கும் 10 இலக்க எண்களும் உண்டு. இலக்கம் அல்லாத எல்லாவற்றையும் துடைத்தெடுப்பது எனக்குப் பிடிக்காது. நடுவில் தவறி விழுந்த ஓர் எழுத்து, டைப் செய்தவர் தடுமாறியதற்கு அடையாளம். அதை அழித்தால் தப்பான எண் சரியான எண் வேஷத்தில் உள்ளே வந்துவிடும்.

ஸ்கீமாவில் தொலைபேசிக்கு ஸ்ட்ரிங் என்றே வையுங்கள். ஃபாஸ்டிஃபை வகையைத் தானாக மாற்றிக்கொள்ளும் பழக்கமுடையது. நம்பர் என்று வைத்தால், யாராவது 0416 சேர்த்து லேண்ட்லைன் கொடுக்கும்போது முன்னால் இருக்கும் 0 சத்தமில்லாமல் காணாமல் போகும்.